நாலு வரி அதிசயம்

மாவட்டப் பக்கத்தில் சுற்றிலும் கோடு போட்டு வரும் சின்னச் செய்திக்கு எங்கள் தொழிலில் 'பாக்ஸ்' என்று பெயர். தியாகதுருகம் போன்ற பேரூரிலிருந்து செய்தி அனுப்பும் பகுதிநேர நிருபருக்கு சேலம் - உளுந்தூர்பேட்டை சாலை விபத்தும், கரும்பு நிலுவையும், குடிநீர் மறியலும்தான் அன்றாடப் பிழைப்பு. அவற்றுக்கு நடுவே எப்போதாவது ஆள் தூக்க முடியாத மரவள்ளிக்கிழங்கு, தலையில் மணி பிடித்த மக்காச்சோளம், பால் வடியும் வேப்பமரம், பன்றிக்குட்டிக்குப் பால் கொடுக்கும் நாய் என்று ஏதாவது வந்து சேரும். இவற்றை இளக்காரமாகப் பார்க்கும் நிருபர்கள் உண்டு. நான் அந்தக் கட்சி இல்லை. டீக்கடையில் நாலு பேர் கேட்கச் சத்தமாகப் படிக்கப்படுவது தலைப்புச் செய்தியைவிட இந்த பாக்ஸ்தான். நான் சொல்ல வருவது வேறு: காரணம் இல்லாத பாக்ஸ் பாதிச் செய்தி. 'இதை அப்பகுதி மக்கள் ஆச்சரியத்துடன் பார்த்துச் சென்றனர்' என்ற அந்தத் தேய்ந்துபோன கடைசி வரியை எடுத்துவிட்டு, ஏன் அப்படி ஆனது என்று ஒரு வரி எழுதினால் ஆச்சரியம் கூடுமே தவிர குறையாது.

மரவள்ளியையே எடுத்துக்கொள்வோம். கல்வராயன் மலையிலும் அடிவாரத்திலும் விளைகிற பயிர். அதை யாரும் விதை போட்டு வளர்ப்பதில்லை. முற்றிய தண்டைத் துண்டு துண்டாக நறுக்கி நடுகிறார்கள். ஆகவே ஒரு வயலில் நிற்கும் ஒரே ரகச் செடிகள் எல்லாம் ஏறத்தாழ ஒரே செடியின் பிரதிகள். அப்படியிருக்க, ஒன்றின் அடியில் மட்டும் ராட்சதக் கிழங்கு இருக்கிறது என்றால் காரணத்தைச் செடிக்கு வெளியேதான் தேட வேண்டும். வழக்கமாக எட்டுப் பத்து மாதத்தில் பிடுங்கிவிடுவார்கள். வரப்போரத்திலோ எருக்குழிப் பக்கமோ விட்டுப்போன செடி இரண்டாம் வருஷமும் கிழங்கைப் பருக்க வைத்துக்கொண்டே இருக்கும். அதனால் நிருபர் முதலில் கேட்க வேண்டியது 'எத்தனை கிலோ' என்று இல்லை, 'எப்போது நட்டீர்கள்' என்றுதான். அதற்கு வரும் பதிலோடு, அந்த வருஷம் ஏன் பிடுங்காமல் விட்டார்கள், விலை விழுந்ததா, ஆள் கிடைக்கவில்லையா என்ற கதையும் சேர்ந்து வரும். மக்காச்சோளம் இன்னும் சுவாரசியம். செடியின் உச்சியில் ஆண் பூ, நடுத்தண்டில் பெண் கதிர் என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் இரண்டு இடத்திலும் பூ மொட்டு தொடங்கும்போது ஆண் உறுப்பும் பெண் உறுப்பும் சேர்ந்தேதான் தொடங்குகின்றன. பிறகு உச்சியில் பெண் பாகமும் கதிரில் ஆண் பாகமும் வளராமல் நின்றுபோகின்றன. நிற்க வேண்டியது நிற்காத செடியில் தலையிலேயே மணி பிடிக்கிறது. விசித்திரம் என்று படம் எடுக்கப்படும் அந்த ஒற்றைச் செடியை விட்டுவிட்டு, அதே காட்டில் ஒழுங்காக நிற்கும் மற்ற ஆயிரம் செடிகளும் இதே ரகசியத்தோடுதான் வளர்ந்தன என்று வாசகரை நினைக்க வைக்கிறது அந்தக் காரணம்.

நெஞ்சைத் தொடும் செய்திக்கும் இதே கணக்குத்தான். 2020-ல் ஊரடங்குக் காலத்தில் சிவகங்கை மாவட்டம் பொத்தகுடியில் தெருவிளக்கு சுவிட்ச் பெட்டிக்குள் ஒரு சிறு குருவி கூடு கட்டி முட்டையிட்டது. அது கலைந்துவிடக் கூடாது என்று ஊர் மக்கள் ஒரு மாதத்துக்கும் மேல் தெருவிளக்கைப் போடாமல் இருட்டிலேயே இருந்தார்கள். உலகம் முழுக்கப் போன செய்தி இது. நல்ல மனசு என்பதோடு பெரும்பாலான பத்திகள் நின்றுவிட்டன. எனக்கு அந்த 'ஒரு மாதத்துக்கும் மேல்' என்பதுதான் செய்தி. கூட்டை முடிக்கச் சில நாள், நாளுக்கொன்றாக முட்டையிடச் சில நாள், அடைகாக்க இரண்டு வாரம் அளவில், குஞ்சு இறகு முளைத்துப் பறக்க இன்னும் ஏறத்தாழ அவ்வளவு. ஊர்க்காரர்கள் இருட்டில் இருந்த காலம், ஒரு குருவி கூடு கட்டுவதிலிருந்து குஞ்சு பறக்கும் வரையான முழுக் காலம். அந்த இனம் மரப்பொந்திலும் சுவர் ஓட்டையிலும் கூடு வைப்பது. கதவு போட்ட இரும்புப் பெட்டி அதற்கு நல்ல பொந்தாகத் தெரிந்திருக்கிறது. இவ்வளவையும் இரண்டு வாக்கியத்தில் சொல்லிவிடலாம். சொன்னால், அடுத்த முறை இன்னொரு ஊரில் மீட்டர் பெட்டியில் கூடு தெரியும்போது எத்தனை நாள் பொறுக்க வேண்டும் என்று அந்த ஊருக்குத் தெரிந்திருக்கும்.

டெஸ்க்கில் இருப்பவர்கள் இதற்குச் சொல்லும் மறுப்பு நியாயமானதுதான். பாக்ஸுக்கு நாலு வரிதான் இடம். படிக்கிறவர் இளைப்பாற வந்திருக்கிறார். அவரை அறிவியல் வகுப்பில் உட்கார வைக்காதே என்பார்கள். ஆனால் காரணமே வேடிக்கையாக இருக்கிற இடங்கள் எத்தனையோ. கிணற்றோரப் பனையில் தொங்கும் தூக்கணாங்குருவிக் கூடுகளைப் பாருங்கள். சில முழுசாக, குழாய் வாசலோடு இருக்கும். சில ஹெல்மெட் போலப் பாதியிலேயே நிற்கும். 1930-ல் பெர்லினிலிருந்து திரும்பி, இருந்த வேலையும் போய்விட்ட பறவையியலாளர் சாலிம் அலி, மும்பைக்கு எதிர்க்கரையில் உள்ள கிஹிம் என்ற கடலோர ஊரில் உட்கார்ந்து இந்தக் குருவிகளை மாதக்கணக்கில் கவனித்தார். ஆண் குருவி பாதி வீடு கட்டியதும் பெண் குருவிகள் வந்து பார்வையிடுகின்றன. ஒருத்திக்குப் பிடித்துப்போனால் மீதியைக் கட்டி முடிக்கிறான். அவள் முட்டையில் உட்கார்ந்ததும் இவன் பக்கத்திலேயே அடுத்த வீட்டுக்கு அஸ்திவாரம் போட்டு, அடுத்த பெண்ணுக்காகக் காத்திருக்கிறான். யாருக்கும் பிடிக்காத வீடு பாதியிலேயே தொங்குகிறது. குருவி மின்மினியைப் பிடித்துக் களிமண்ணில் ஒட்டி விளக்கு வைத்துக்கொள்கிறது என்று நாம் காலங்காலமாகச் சொல்லிவரும் கதையைவிட இது எந்த விதத்தில் சுவை குறைந்தது? கூட்டுக்குள் களிமண் இருப்பது நிஜம். விளக்குதான் நாம் ஏற்றியது.

அடுத்த மறுப்பு பக்தியிலிருந்து வருகிறது, அதை இவ்வளவு லேசாகத் தள்ள முடியாது. வேப்பமரத்தில் வெள்ளையாக நுரைத்து வடிந்தால் மஞ்சள் குங்குமம் வைத்து, சேலை கட்டி, சூடம் காட்டிவிடுவார்கள். மரத்துக்குள் நுண்ணுயிர் புகுந்து சாறு புளித்து, வாயு அழுத்தத்தில் பட்டை வெடிப்பு வழியாக வெளியே தள்ளுகிறது என்பதே பெரும்பாலும் காரணம்; சில நாளில் தானாக நின்றுவிடும். இதை எழுதினால் மாரியம்மனை மறுத்ததாக ஆகாதா? ஆகாது என்பது என் கட்சி. நிருபர் இரண்டையும் எழுத வேண்டும்: கும்பிட வந்தவர்களையும், வடிவதன் காரணத்தையும். 1995 செப்டம்பர் 21 அன்று பிள்ளையார் பால் குடித்ததாக நாடு முழுக்கக் கோயில்களில் வரிசை நின்றது. சாயம் கலந்த பாலை வைத்து, அது பரப்பு இழுவிசையால் கரண்டியிலிருந்து ஏறிச் சிலையின் மேல் மெல்லிய படலமாக வழிவதை விஞ்ஞானிகள் காட்டினார்கள். பிள்ளையார் கோயில்களுக்குக் கூட்டம் அதனால் குறைந்துவிடவில்லை. நம்பிக்கை நாம் நினைப்பதைவிட உறுதியானது; நாலு வரி பாக்ஸுக்கு உடையாது. உடல்நலக் கேடு விஷயத்தில் மட்டும் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன். மரத்தில் வடிவதைத் தீர்த்தமாகக் குடிக்கிறார்கள் என்றால் காரணம் கட்டாயம் வர வேண்டும்.

பன்றிக்குட்டிக்குப் பால் கொடுக்கும் நாயின் கதைக்கு வருவோம். சமீபத்தில் குட்டி போட்ட நாய், மடியில் பால் கட்டியிருக்கும் வலி, சுரப்பிகளின் தூண்டுதல் என்று விளக்கினால் தாய்மையைக் கொச்சைப்படுத்துவதாகக் கோபப்படுகிறார்கள். ஆடு மாடு வளர்ப்பவர்களிடம் கேட்டால் இந்தக் கோபம் வராது. கன்று செத்துவிட்டால் அதன் தோலில் வைக்கோல் திணித்துப் பசுவின் முன் நிறுத்திப் பால் கறக்கும் வழக்கம் அவர்களுக்குத் தெரியும். தாய் இழந்த குட்டியை வேறு தாயாட்டிடம் சேர்க்க, அதன் குட்டியின் வாசனையை இதன் மேல் ஏற்ற வேண்டும் என்பதும் தெரியும். பாசம் வாசனை வழியாக நடக்கிறது என்று அறிந்தவர்கள்தான் அந்தக் குட்டியை ராத்திரி முழுக்க விழித்திருந்து காப்பாற்றுகிறார்கள். இதே வரிசையில் வைக்கப்படும் இரட்டைத் தலைக் கன்றை நான் பாக்ஸில் சேர்க்கவே மாட்டேன். கருவில் சரியாகப் பிரியாமல் போன உடல் அது. பெரும்பாலும் ஓரிரு நாளில் இறந்துவிடும். மூச்சுக்குத் திணறும் உயிரைச் சுற்றி செல்போனோடு கூட்டம் கூடுவது வேடிக்கை இல்லை.

காரணம் கேட்பது மிக அவசியமாகிற இடம் மனிதர்களைப் பற்றிய நெகிழ்ச்சிச் செய்தி. மலைக் கிராமத்தில் பிரசவ வலி வந்த பெண்ணைத் துணித்தொட்டில் கட்டி இளைஞர்கள் தூக்கி வந்தார்கள் என்றால் 'மனிதநேயம்' என்று தலைப்பு போட்டு பாக்ஸுக்குள் வைத்துவிடுவது சுலபம். அவர்கள் தோளில் சுமந்தது உண்மை, பாராட்டும் உண்மை. ஆனால் அதன் காரணம் சாலை இல்லை என்பது. அந்தச் செய்தி பாக்ஸை விட்டு வெளியே வந்து, எந்த ஊரிலிருந்து எந்த ஊர் வரை எத்தனை கிலோமீட்டர் சாலை இல்லை என்ற கணக்கோடு மூன்று பத்தியாக வர வேண்டும். எதிர்ப்பக்கம், பறவைகளுக்காகத் தீபாவளிக்குப் பட்டாசு வெடிக்காத வேட்டங்குடி, கொள்ளுக்குடிப்பட்டி ஊர்களின் செய்தி வருஷா வருஷம் ஒரே வாசகத்தில் வருகிறது. அந்த இடம் 1977-ல் அறிவிக்கப்பட்ட பறவைகள் சரணாலயம் என்பதைக்கூடப் பல சமயம் விட்டுவிடுகிறோம். இன்னொரு சரணாலயமான வேடந்தாங்கலில் பறவை எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமானதால்தான் ஊர்க்காரர்கள் பறவைகளைச் சுட விடாமல் காத்தார்கள். 1798-ல் ஆட்சியர் லயனல் பிளேஸிடம் அதற்கு உத்தரவும் வாங்கினார்கள். நன்மை கருதிச் செய்ததால் அன்பு இல்லை என்று ஆகிவிடுமா? இருநூறு வருஷம் நீடித்ததற்கு அந்த நன்மையும் ஒரு காரணம் என்று எழுதுவதில் யாருக்கும் குறைவில்லை.

உங்கள் காட்டிலோ வீட்டிலோ ஏதாவது விசித்திரம் தெரிந்தால் அவசியம் உள்ளூர் நிருபருக்குச் சொல்லுங்கள். படம் எடுக்கும்போது அளவு தெரியப் பக்கத்தில் ஒரு தீப்பெட்டியை வையுங்கள். நட்ட தேதி, தண்ணீர் பாய்ச்சிய விதம், முதலில் பார்த்த நாள் எல்லாம் குறித்துக்கொள்ளுங்கள். கூடு என்றால் மட்டும் குஞ்சுகள் பறந்துபோன பிறகு போன் செய்தால் போதும்.