மீற்றர் காட்டாத மணித்தியாலங்கள்

நான் மல்லாவிக்காரன். வவுனிக்குளத்தின் கீழ் வயல் செய்கிறேன், கூலிக்கு உழவும் ஓடுகிறேன். என்னிடம் இருந்த பழைய உழவு மெசின் உண்மையில் எவ்வளவு ஓடியது என்பதை மறைத்து, பக்கத்து ஊர்த் தம்பி ஒருவருக்கு விற்றேன். தெரிந்தே செய்தேன். இதை எழுதுவதற்கு முன் அவரிடம் நேரில் போய்ச் சொல்லிவிட்டேன். மற்றவர்களுக்கும் சொல்ல வேண்டும் என்பதால் இங்கே எழுதுகிறேன்.

பழைய மசி பேர்குசன் மெசின்களில் எஞ்சினிலிருந்து ஒரு மெல்லிய கேபிள் மீற்றருக்கு வரும். எஞ்சின் சுழலச் சுழல அந்தக் கேபிளும் சுழன்று, மீற்றரில் மணித்தியாலம் ஏறும். ஒரு காலபோக உழவின்போது என் மெசினில் அது அறுந்தது. புதுக் கேபிள் வாங்குவது பெரிய செலவில்லை. முதலில் பஞ்சியில் விட்டேன். பிறகு, ‘விற்கிற நேரம் நல்ல விலை வரும்’ என்ற எண்ணம் வந்தது. அதற்குப் பின் வேண்டுமென்றே விட்டேன். இரும்புச் சில்லுப் போட்டுச் சேற்றில் உழுத போகங்கள் எதுவும் மீற்றரில் ஏறவில்லை. விற்க முடிவெடுத்தபோதுதான் கேபிளை மாட்டினேன்.

தம்பி பார்க்க வந்த காலை, அவர் வருமுன்பே மெசினை ஸ்டார்ட் பண்ணிச் சூடாக்கி வைத்தேன். குளிரில் அது இலேசில் பிடிக்காது, பிடித்தாலும் நீலப் புகை தள்ளும். அதற்கு முதல் நாளே வழக்கமான ஒயிலை வடித்துவிட்டுத் தடித்த ஒயில் ஊற்றியிருந்தேன். தேய்ந்த எஞ்சினில் தடித்த ஒயில் ஊற்றினால் சத்தம் அடங்கும், ஒயில் அமுக்கம் காட்டும் முள்ளும் கொஞ்ச நேரம் கீழே இறங்காது. தம்பி மீற்றரைக் குனிந்து பார்த்தார்.

“அண்ணை, இது சரியா ஓடுதோ?”

“ஓம் தம்பி, அதில இருக்கிறதுதான் ஓடினது.”

அவர் லீசிங் எடுத்து வாங்கினார். அடுத்த விதைப்புக் காலத்தில், ஊர் முழுக்க உழவுக்கு ஆள் தேடிய கிழமைகளில், கிராங்க் பெயாரிங் தேய்ந்து எஞ்சின் இறுகி நின்றது. உழவுக்கூலி போனது, லீசிங் தவணை நிற்கவில்லை. அவர் என்னிடம் வந்தார். சண்டைக்கு வரவில்லை. “அண்ணை, நல்ல மெக்கானிக் ஒருத்தரைச் சொல்லுங்கோ” என்றார். ஒருவரின் பெயரைச் சொல்லி அனுப்பினேன். அப்போதும் உண்மையைச் சொல்லவில்லை.

இந்த மண்ணில் ஒரு மெசின் என்ன பெறுமதி என்று எனக்கு நன்றாகத் தெரியும். 2008இல் மல்லாவியை விட்டு இடம்பெயர்ந்தபோது சனம் கூரைத் தகடுவரை கழற்றி உழவு மெசின் பெட்டிகளில் ஏற்றிக்கொண்டுதான் கிழக்கே போனது. திரும்பி வந்து காடு பத்திய வயல்களைத் திருத்தியதும் மெசின்களால்தான். அப்படிப்பட்ட ஊரில் ஒரு இளம் குடும்பத்துக்கு இதைச் செய்தேன்.

என்னை உலுக்கியது கனடாவில் இருக்கும் அக்காவின் மகன். விமானம் ஓட்டப் பழகியவன், நண்பர்களோடு பங்கு போட்டுப் பழைய செஸ்னா 172 ஒன்றை வாங்கப் பார்த்தான். 1955இல் முதலில் பறந்து, இன்றுவரை 44,000க்கு மேல் செய்யப்பட்ட ரகம் அது. அவன் பார்த்தது பயிற்சிப் பள்ளியில் ஓடி, மணித்தியாலம் மிகக் கூடியது. “மாமா, நீங்கள் மெசின்காரன், வாங்கலாமோ?” என்று கேட்டான். விற்கிறவர் கொடுத்த பதிவேடுகளைப் படம் எடுத்து அனுப்பினான். உடலுக்கு ஒன்று, எஞ்சினுக்கு ஒன்று, காற்றாடிக்கு ஒன்று. எப்போது ஒயில் மாற்றியது, எந்தச் சிலிண்டரில் அமுக்கம் குறைந்தது, யார் சரிபார்த்துக் கையெழுத்து வைத்தது, எல்லாம் இருந்தது. எஞ்சினைச் செய்த கம்பனி, அதைப் பிரித்துப் புதுப்பிக்கச் சொல்லும் அளவு பொதுவாக 2,000 மணித்தியாலம். அதில் எவ்வளவு முடிந்தது என்பதையும் விற்கிறவரே முதல் பக்கத்தில் எழுதியிருந்தார்.

மணித்தியாலம் கூடியது என்பதற்காக மட்டும் பயப்படத் தேவையில்லை என்று மருமகன் விளங்கப்படுத்தினான். வருடக்கணக்காகப் பறக்காமல் நின்ற விமானத்தின் எஞ்சின் உள்ளே துருப்பிடிக்கும். நாளாந்தம் பறந்து, ஒழுங்காகப் பராமரித்த விமானம் அதைவிட நம்பகமாக இருக்கும். ஆனால் ஓடியது எவ்வளவு என்று தெரிந்தே ஆக வேண்டும். 2018 ஏப்ரலில் புளோரிடாவில் ஒரு பைப்பர் பயிற்சி விமானத்தின் இறக்கை வானில் பிரிந்து, உள்ளே இருந்த இருவரும் இறந்தார்கள். 7,600 மணித்தியாலத்துக்கு மேல் பறந்த விமானம் அது. இறக்கையைத் தாங்கும் தண்டில் உலோகம் களைத்து வெடித்திருந்தது. அதன் பின்னர் அதே வகையில் வேறு எந்த விமானங்களைச் சோதிக்க வேண்டும் என்று கணக்குப் போட, பதிவேட்டில் எழுதியிருந்த மணித்தியாலங்கள்தான் உதவின. பொய் எழுதியிருந்தால் எந்த இறக்கையைச் சோதிப்பது?

அந்தக் கேள்வி எனக்குள் நின்றுவிட்டது. என் மெசின் வானத்திலிருந்து விழவில்லை, யாரும் சாகவில்லை என்று இவ்வளவு காலமும் என்னையே சமாதானப்படுத்தி வந்தேன். ஒரு குடும்பத்தின் ஒரு போகம் விழுந்தது. அது என் கையால் விழுந்தது.

தம்பியிடம் போய்க் கேபிள், ஒயில், சூடாக்கி வைத்தது எல்லாவற்றையும் சொன்னேன். கனநேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “அண்டைக்கே சொல்லியிருந்தா விலையைக் குறைச்சு வாங்கியிருப்பன் அண்ணை” என்றார். எஞ்சின் திருத்திய செலவைப் பகுதி பகுதியாகக் கொடுத்து வருகிறேன். இழந்த போகத்துக்கு என்னிடம் ஈடு இல்லை.

வாங்குகிறவர்களுக்குச் சொல்கிறேன்: விடியக் காலமை, சொல்லாமல் போங்கள். எஞ்சினில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஆற விட்டு உங்கள் கையால் ஸ்டார்ட் பண்ணுங்கள். ஒயில் மூடியைத் திறந்து புகை தள்ளுகிறதா என்று பாருங்கள். கிளச், பிரேக் பெடல்களின் தேய்மானத்தை மீற்றரோடு ஒப்பிட்டுப் பாருங்கள். ஒரு மெக்கானிக்கைக் கூட்டிப் போங்கள்.

விற்கிறவர்களே, ஒரு பள்ளிக்கூடக் கொப்பி வாங்கி, ஓடிய மணித்தியாலத்தையும் ஒயில் மாற்றிய திகதியையும் இன்றிலிருந்து எழுதத் தொடங்குங்கள். விற்கும்போது அந்தக் கொப்பியையும் சேர்த்துக் கொடுங்கள். விலை கொஞ்சம் குறையும். குறையட்டும்.