நெகேமியாவின் எக்காளமும் மாநகராட்சியின் 1916-உம்



மும்பை வாழ் தமிழர் எவரும் 2005 ஜூலை 26-ஐ மறக்க மாட்டார்கள். அன்று சாந்தாகுரூசில் 24 மணி நேரத்தில் 944 மில்லிமீட்டர் மழை கொட்டியது. நகரின் தென்கோடியான கொலாபாவிலோ 100 மில்லிமீட்டர்கூடப் பெய்யவில்லை. ஒரு முனையின் மழைமானியைப் பார்த்து மறுமுனையின் வெள்ளத்தை எவரும் அறிந்திருக்க முடியாது. மித்தி ஆறு கரைபுரண்டு குர்லா, காலினா பகுதிகளில் புகுந்தது. நகரில் மட்டும் நானூறுக்கும் மேற்பட்டோர் மாண்டனர்.

அந்தத் துயரத்திலிருந்து மாநகராட்சி சில பாடங்களைக் கற்றது. மாதவராவ் சித்தலே தலைமையிலான குழு வெள்ளத்தின் காரணங்களை ஆராய்ந்தது. நகரெங்கும் தானியங்கி மழைமானிகள் நிறுவப்பட்டன. பழைய வடிகால்கள் மணிக்கு 25 மில்லிமீட்டர் மழையைத் தாங்கவே அமைக்கப்பட்டவை. அதை 50 ஆக உயர்த்த 1993-லேயே தீட்டப்பட்டிருந்த திட்டம் வேகம் பெற்றது. கடல் ஏற்றத்தின்போது கடல்நீர் வடிகாலுக்குள் திரும்பி ஏறும். மதகை மூடினால் மழைநீர் ஊருக்குள் தேங்கும். ஆகவே ஹாஜி அலி, இர்லா முதலிய இடங்களில் நீரை இறைத்துக் கடலில் தள்ளும் நிலையங்கள் எழுந்தன. பேரிடர்க் கட்டுப்பாட்டு அறை இரவும் பகலும் விழித்திருக்கிறது. 1916 என்ற எண்ணில் எவரும் அழைக்கலாம். மழைக்கு முன்னே நாலாக்களில் தூர் வாருவதும், இடியும் நிலையிலுள்ள கட்டடங்களுக்கு அறிவிப்புக் கொடுப்பதும், தஞ்சம் அளிக்கப் பள்ளிகளைக் குறித்து வைப்பதும் ஆண்டுதோறும் நடக்கின்றன. 2025-ல் திருத்தப்பட்ட பேரிடர் மேலாண்மைச் சட்டம், பெருநகரங்களுக்கென்று தனி ஆணையம் அமைக்கவும் வழி செய்கிறது. இத்தனைக்குப் பின்னும் தண்ணீர் தேங்குகிறது. ஆயினும் 2005-ல் இருந்த இருள் இன்று இல்லை.

எங்கள் சபையின் வாலிபர் கூடுகையில் இவற்றை நான் விளக்கியபோது, மூத்த சகோதரர் ஒருவர் எழுந்து, "காக்கிற தேவன் நமக்கு இருக்கையில் இந்த எண் எதற்கு, தம்பி?" என்று அன்போடு கேட்டார். அது அவிசுவாசத்தின் கேள்வியன்று. ஊரை விட்டு வந்து, கர்த்தரையே நம்பி இந்நகரில் பிழைத்த ஒருவரின் சாட்சி. ஆகவே வேதத்திலிருந்தே பதில் தேடினேன்.

நெகேமியா ஒரு நகரத்தின் பொறுப்பாளர். அவர் எருசலேமுக்கு வந்ததும் யாரிடமும் சொல்லாமல் இரவிலே சென்று, அலங்கம் எங்கெங்கே இடிந்திருக்கிறது என்று பார்வையிட்டார். பல குடும்பத்தார் தங்கள் வீட்டுக்கு எதிரே இருந்த பகுதியைக் கட்டினார்கள். ஆபத்து நெருங்கியபோது அவர் ஜெபித்தார், காவலாளரையும் நிறுத்தினார். அலங்கத்தின்மேல் ஜனங்கள் தூரதூரமாய் நின்றதால், எக்காளம் ஊதுகிறவனைத் தம் அருகிலேயே வைத்துக்கொண்டு, சத்தம் கேட்கும் இடத்துக்கு எல்லாரும் வரவேண்டும் என்று முன்கூட்டியே சொல்லிவைத்தார். ஜெபமும் ஏற்பாடும் அவரிடத்தில் ஒன்றோடொன்று சண்டையிடவில்லை. மூத்த சகோதரர் தலையசைத்தார். "அப்படியானால் எக்காளச் சத்தம் நம்முடைய ஜனத்துக்குக் கேட்கிறதா?" என்று திருப்பிக் கேட்டார்.

அந்தக் கேள்விதான் என்னை எங்கள் வார்டு அலுவலகத்துக்கு அனுப்பியது. அங்கிருந்த அலுவலர் பொறுமையாய் வரைபடத்தைக் காட்டினார். எந்தத் தெரு தாழ்வானது, எங்கே மோட்டார் வைக்கப்படும், எந்தப் பள்ளி திறக்கப்படும் என்பதெல்லாம் அதில் இருந்தன. ஆனால் எந்தச் சாலின் கீழ்த்தளக் கோலியில் பக்கவாதம் வந்த தாயார் தனியே படுத்திருக்கிறார் என்பது அதில் இல்லை. இராக்காலப் பணிக்குக் கணவன் சென்றபின் கைக்குழந்தையோடு தனித்திருப்பவள் யார், நெல்லையிலிருந்து புதிதாய் வந்து மராத்தி அறிவிப்பு புரியாமல் நிற்பவன் யார் என்பதும் இல்லை. நகரத்துக்கு இடங்களைத் தெரியும்; ஆட்களைச் சபைக்குத்தான் தெரியும்.

அன்று முதல் எங்கள் சபையில் ஒரு நோட்டுப் புத்தகம் உண்டு. உதவியின்றி நகர முடியாதவர்களின் பெயரும், அவர்களுக்குப் பொறுப்பான இரண்டு வாலிபரின் பெயரும் அதில் இருக்கின்றன. கடந்த மழைக்காலத்தில் ஒரு மாலை தண்ணீர் முழங்காலுக்கு ஏறியபோது, பக்கவாதம் கொண்ட அந்தத் தாயாரை இருவர் நாற்காலியோடு தூக்கி மாடிக்குக் கொண்டுசேர்த்தனர். யாரும் யாரையும் தேடி அலையவில்லை. போகவேண்டியவர்களுக்குப் போகவேண்டிய வீடு தெரிந்திருந்தது.

அருமையானவர்களே, நீங்கள் தாராவியிலோ, பெங்களூரிலோ, டெல்லியிலோ, எந்த நகரில் இருந்தாலும் உங்கள் வார்டின் அவசர எண் எது, அடைக்கலப் பள்ளி எது என்று இந்த வாரமே விசாரித்து, உங்கள் மொழியில் எழுதி ஜெபவீட்டுச் சுவரில் ஒட்டுங்கள். வயதானவர்களின் வீடுகளைக் குறித்துவையுங்கள். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டே பெயர் பெயராய் ஜெபியுங்கள். நாம் குடியேறிய பட்டணத்தின் சமாதானத்தில் நம் சமாதானமும் அடங்கியிருக்கிறது.

கர்த்தர் தாமே உங்கள் வாசல்களைக் காத்து, அயலாரின் வாசல்களுக்கும் உங்களைக் காவலராக்குவாராக. ஆமென்.