காலண்டர் தாள்

எங்கள் மொட்டை மாடியிலிருந்து ரயில் தெரியாது, சத்தம் மட்டும் கேட்கும். எத்தனையாவது ரயிலுக்கு வகுப்பு முடியும் என்று பிள்ளைகள் சரியாகக் கணக்கு வைத்திருப்பார்கள். மற்ற கணக்குதான் வராது.

2022 பிப்ரவரியில் திருமுல்லைவாயலில் 'இல்லம் தேடிக் கல்வி' தன்னார்வலராகச் சேர்ந்தேன். மாதம் ஆயிரம் ரூபாய் ஊக்கத்தொகை. சேவை மனப்பான்மை என்றெல்லாம் சொன்னால் பொய். குரூப் 4-க்குப் படிக்கிறேன் என்று வீட்டில் உட்கார்ந்திருந்தவளுக்குச் சாயங்காலம் ஒரு வேலை இருப்பதாகக் காட்ட வேண்டியிருந்தது.

வந்தவர்களில் பாதிப்பேர் அம்பத்தூர் எஸ்டேட்டில் ஷிப்ட் பார்க்கிறவர்களின் பிள்ளைகள். அதில் ஒரு ஏழாவது பையன். 2020 மார்ச்சில் பள்ளியை மூடியபோது அவன் ஐந்தாவது. 2021 நவம்பர் 1 அன்று திறந்தபோது ஏழாவது. ஆறாவது என்பது அப்பாவின் ஃபோனில் வந்து போன ஒன்று, அதுவும் அப்பா வீட்டிலிருக்கும் நேரத்தில் மட்டும். வகுத்தல் என்றாலே பென்சில் சீவப் போய்விடுவான்.

முதல் மாதம் நான் பேசியே கொன்றேன். தினமும் படிக்கணும், கடைசி நேரத்துல படிச்சா நிக்காது, இத்யாதி. எட்டாவது வரை ஃபெயில் போட மாட்டார்கள் என்பது அவர்களுக்கு என்னைவிட நன்றாகத் தெரியும்.

ஒருநாள் பேப்பர் தீர்ந்துபோய், தினசரி காலண்டரில் கிழித்துச் சேர்த்திருந்த தாள்களை எடுத்து வந்தேன். விபூதி மடிக்க அம்மா வைத்திருந்தவை. பின்பக்கம் வெள்ளை, நாலு கணக்குக்குமேல் இடமில்லை. இடமில்லாததுதான் வேலை செய்தது என்று நினைக்கிறேன். நோட்டைப் பார்த்து மலைக்கிறவன் உள்ளங்கை அளவு தாளைப் பத்து நிமிடத்தில் முடித்துவிட்டான். மறுநாள் அவனே கேட்டான்.

பி.எட். படித்த தோழி ஒருத்தி எபிங்ஹாஸ் பற்றிச் சொன்னாள். அர்த்தமில்லாத அசைகளை மனப்பாடம் செய்து, எவ்வளவு வேகமாக மறக்கிறோம் என்று தன்னையே சோதித்து 1885இல் புத்தகம் போட்ட ஜெர்மானியர். அதிலிருந்து நாலில் இரண்டு புதுசு, ஒன்று நேற்று தப்பானது, ஒன்று போன வாரத்தது. தப்பைச் சிவப்பில் சுழிக்க மாட்டேன். நாளைத் தாளில் திரும்ப வரும், அவ்வளவுதான்.

ஏப்ரலில் பத்து நாள் அவன் வரவில்லை. திட்டுவதற்கென்றே கிளம்பிப் போனேன். அம்மாவுக்கு ஷிப்ட் மாறியிருந்தது. தங்கச்சியை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்திருந்தான். என்னைப் பார்த்ததும் உள்ளே ஓடி, ஆணியில் குத்தி வைத்திருந்த தாள்களை எடுத்து வந்தான். அவனே கணக்குப் போட்டு அவனே செய்தவை. பாதி தப்பு.

"ஏழுதான் இருக்குக்கா. மூணு நாள் முடியல."

நான் எதுவும் சொல்வதற்குள் அவன் கேட்டான்: "நீங்க டெய்லி எவ்ளோ நேரம் படிப்பீங்கக்கா?"

"ரெண்டு மணி நேரம்டா" என்றேன்.

முந்தின ராத்திரி படித்தே டிகிரி முடித்தவள் நான், இரண்டு அரியரோடு. வீட்டு மேஜையில் ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் புத்தகம் ஜனவரியில் வைத்த அதே பக்கத்தில் இருந்தது. அன்று இரவு நானும் ஒரு ஆணி அடித்தேன்.

ஜூலை 24 பரீட்சை எழுதினேன். 2023 மார்ச்சில் ரிசல்ட் வந்தது, என் நம்பர் இல்லை. அவன் அப்போது எட்டாவது. வகுத்தல் வந்துவிட்டது, பின்னத்தோடுதான் இன்னும் தகராறு. விஷயத்தைச் சொன்னதும் ஆறுதலெல்லாம் சொல்லவில்லை.

"நீங்க எத்தன நாள் விட்டீங்க?"

ஆணியிலிருந்து எடுத்து இரண்டு பேரும் எண்ணினோம். முப்பத்தொன்று.