கண் சிமிட்டினால்...

பார்வதிபுரத்து ஆச்சிக்குப் பேய்க்கதை புதிதல்ல. கள்ளியங்காட்டு நீலி பக்கத்து ஊர்க்காரி மாதிரி. சுண்ணாம்பு கேட்டு வழிமறிக்கும் யட்சியை நேரில் பார்த்தவர்போலவே சொல்வார். அவரையே பயமுறுத்திக் காட்டுகிறேன் என்று, விடுமுறைக்கு வந்த பேத்தி செல்போனோடு திண்ணையில் உட்கார்ந்தாள்.

போட்டது 'டாக்டர் ஹூ'. 1963 நவம்பரில் பிபிசி தொடங்கிய அறிவியல் புனைவுத் தொடர். நடுவில் நின்று, 2005-ல் மறுபடி வந்தது. காலத்தில் பயணம் செய்யும் டாக்டரின் கதைதான். ஆனால், பிள்ளைகளை சோபாவுக்குப் பின்னால் ஒளிந்து பார்க்க வைத்த தொடர் என்றுதான் இங்கிலாந்தில் அதற்குப் பெயர். 1976-ல், டாக்டரின் தலையைத் தண்ணீரில் அமுக்கிப் பிடித்த காட்சியோடு ஒரு வாரம் முடிய, புகார் கிளம்பி, பிறகு அந்தக் காட்சியையே வெட்டினார்கள்.

பேத்தி தேர்ந்தெடுத்தது 2007-ல் வந்த 'பிளிங்க்'. ரத்தம் கிடையாது, கல் சிலைகள்தான். பார்த்துக்கொண்டே இருந்தால் கல். கண் சிமிட்டினால் நகர்ந்து வரும். தொட்டுவிட்டால் நாம் பழைய காலத்தில் போய் விழுவோம். இங்கே வாழ்ந்திருக்க வேண்டிய நாட்கள் அவற்றுக்கு இரை.

"நம்ம நீலி இதைவிட வேகமா வருவா மக்ளே" என்று ஆச்சி சிரித்தார்.

கதையில் ஓர் இளைஞன், மழை நாளில் நாயகியிடம் போன் நம்பர் வாங்குகிறான். சற்று நேரத்தில் சிலைகள் அவனை 1969-க்குத் தள்ளிவிடுகின்றன. அன்றே அவள் அவனை ஆஸ்பத்திரியில் பார்க்கிறாள், சாகக் கிடக்கும் கிழவனாக. ஜன்னலுக்கு வெளியே அதே மழை.

ஆச்சியின் சிரிப்பு நின்றுவிட்டது.

பாட்டா மஸ்கட்டுக்கு விமானம் ஏறியது 1981-ல், கல்யாணமான நாற்பதாம் நாள். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை இரண்டு மாத லீவு. வீடு வந்தது, பெண்பிள்ளைகளுக்கு நகை வந்தது. கடைசியாக 2005-ல் பெட்டியோடு வந்து நின்றவருக்குத் தலை முழுக்க நரை. அந்த இருபத்து நான்கு வருடத்தில் ஆச்சி அவரோடு இருந்த நாட்களைக் கூட்டினால் இரண்டு வருடம்கூடத் தேறும்தானோ என்னவோ.

"அந்தப் பய, நம்பரைத் தொலைக்காம வச்சிருந்தானா?"

"ஆமா ஆச்சி. அவன்தான் ஆஸ்பத்திரியில இருந்து அவளைக் கூப்பிட்டான்."

"மறுபடி போடு."

தோட்டத்திலிருந்து வந்த பாட்டா, "என்னட்டி பாக்க?" என்றார்.

"ஒண்ணுமில்ல, இரிங்க" என்று ஆச்சி தள்ளி உட்கார்ந்து இடம் விட்டார்.