பாடிக்கொண்டே வாசி



நம் சபையில் டிரம்ஸ் வாசித்துவந்த தம்பியைக் காணவில்லையே என்று உங்களில் சிலர் என்னிடம் கேட்டீர்கள். காரணம் நான்தான்.

ஓசூரில் ஆலை வேலை அவனுக்கு. சனிக்கிழமை இரவுப் பேருந்தில் சிங்காரப்பேட்டைக்கு வந்து, சரியாக உறங்காமலேயே ஞாயிறு காலை வாசிக்க அமர்வான். சென்ற மாதம் ஆராதனை முடிந்தவுடன், பலர் காதில் விழும்படி, "பாட்டே கேட்கவில்லை, உன் சத்தம்தான் கேட்கிறது" என்று அவனைக் கடிந்துகொண்டேன். நான் சொன்னது பொய்யல்ல. ஆயினும் அதே பாடத்தை எனக்கு ஒருவர் எப்படிக் கற்றுக்கொடுத்தார் என்பதை மறந்துபோனேன்.

பெங்களூரில் இறையியல் பயின்ற நாள்களில், கண்டோன்மென்ட் பகுதி ஓட்டல்களில் பல்லாண்டு ஜாஸ் வாசித்து ஓய்ந்த ஒரு பெரியவரிடம் சனிக்கிழமைதோறும் டிரம்ஸ் கற்றேன். ஓங்கி அடிக்கும் ஆசையோடு போனவன் நான். அவர் கையிலிருந்த குச்சிகளை வாங்கிக்கொண்டு, கம்பிப் பிரஷ் இரண்டைத் தந்தார். வாரக்கணக்கில் ஸ்நேரின் தோல்மேல் அவற்றைத் தேய்த்துத் தேய்த்தே பழகினேன். பேஸ் டிரம்மைக் கால் தொடுவது காதுக்குக் கேட்கக் கூடாது, நிறுத்தினால் மட்டும் அது இல்லாதது தெரிய வேண்டும் என்பார். பிறகு, வாசிக்கும்போதே பாட்டை வாய்விட்டுப் பாடச் சொன்னார். வெட்கத்தால் கூசினேன், பாடத் தொடங்கிய பிறகோ, எங்கே கை சும்மா இருக்க வேண்டும் என்பது தானே விளங்கிற்று.

இது அவர் ஒருவரின் வழக்கமன்று. 1957 முதல் பாஸ்டனின் பெர்க்லி இசைப்பள்ளியில் கற்பித்த ஆலன் டாசனும் மாணவரை மெட்டைப் பாடிக்கொண்டே வாசிக்க வைத்தவர். அவரிடம் பயின்ற டோனி வில்லியம்ஸ் 1963இல், 17 வயதிலேயே மைல்ஸ் டேவிஸின் குழுவில் சேர்ந்தார். நம் சென்னை சிவமணியும் தாளக் கலைஞரான தந்தையைக் கண்டு வளர்ந்தவர். பில்லி காபம் போன்ற ஜாஸ் கலைஞரிடம் மனத்தைப் பறிகொடுத்தவர்.

நான் வேகமெடுத்து ஓடும்போதெல்லாம் அந்தப் பெரியவர் அதட்டியதே இல்லை. அருகில் அமர்ந்து தாமும் வாசிப்பார், என்னைவிட மெதுவாக. அவரைக் கேட்க வேண்டுமானால் நான் தணிந்தாக வேண்டும்.

ஒன்று நாளாகமம் 15ஆம் அதிகாரத்தை இந்த வாரம் திரும்ப வாசித்தேன். வெண்கலக் கைத்தாளங்களைப் பெற்ற ஏமானும் ஆசாபும் ஏத்தானும் பாடகர்கள் என்றே அங்கே அழைக்கப்படுகிறார்கள். 25ஆம் அதிகாரத்தில் 288 பேர் சீட்டுப் போட்டு முறை வகுக்கிறார்கள். ஆசானுக்கும் மாணாக்கனுக்கும் ஒரே சீட்டு. பெயர்ப்பட்டியல்தானே என்று நான் எத்தனையோ முறை விரைந்து தாண்டிய அதிகாரம் அது.

சென்ற சனிக்கிழமை பேருந்து நிலையத்தில் அவனுக்காகக் காத்திருந்து மன்னிப்புக் கேட்டேன். தலை குனிந்து நின்றான். நடந்துகொண்டே அந்தப் பெரியவரைப் பற்றிச் சொன்னேன். வீட்டு வாசலில்தான் வாய் திறந்தான்: "அந்தப் பிரஷ் இன்னும் இருக்கிறதா, ஐயா?"

இருக்கிறது. சில கம்பிகள் வளைந்துபோயின, அவ்வளவுதான். ஞாயிறன்று வருவதாக அவன் சொல்லவில்லை. வந்தாலும் வராவிட்டாலும், உங்கள் முன்னிலையில் கடிந்துகொண்ட நான் உங்கள் முன்னிலையிலேயே மன்னிப்புக் கேட்பேன். அன்று அதைக் கேட்டவர்கள் இதையும் கேட்க வாருங்கள்.