பெருக்கி வைத்த களத்தில் ஓராண்டுக் குடிநீர்

ராஜஸ்தானின் மேற்கே ஜெய்சல்மேர், பார்மர் பக்கம் போனால், வீடுகளை ஒட்டி வட்டமான மூடி போட்ட நிலத்தடித் தொட்டிகளைப் பார்க்கலாம். 'டாங்கா' என்பார்கள். ஜெய்சல்மேரில் ஆண்டு மழையே 200 மில்லிமீட்டருக்குக் குறைவு. நிலத்தடி நீரும் பல இடங்களில் உப்பு. பெய்கிற சில மழையைப் பிடித்தால்தான் உண்டு.

10 அடி விட்டம், 10 அடி ஆழமுள்ள டாங்காவில் சுமார் 22,000 லிட்டர் பிடிக்கும். ஆளுக்கு நாளொன்றுக்கு 10 லிட்டர் என்றால், ஆறு பேர் உள்ள வீட்டுக்கு ஓராண்டு குடிக்க, சமைக்க ஆகும். அது கெட்டால் தண்ணீரை விலைக்குத்தான் வாங்க வேண்டும்.

அதனால் தொட்டியைவிட அதைச் சுற்றியுள்ள 'ஆகோர்' மீதுதான் கண். தொட்டியை நோக்கிச் சரிவாக, மண்ணை இறுக்கி அமைத்த களம் அது. மழைக்கு முன்பே முள், சாணம், மணல் எல்லாம் பெருக்கி, வெடிப்புகளைப் பூசிவிடுகிறார்கள். ஆடு மாடு ஏறக்கூடாது. செருப்புக் காலும் கூடாது. கோடையில் தொட்டி வற்றியதும் வண்டலை அள்ளி, சுவரில் விரிசல் இருக்கிறதா என்று பார்க்கிறார்கள். தண்ணீர் இறங்கும் துளையில் கம்பி வலை உண்டு. முதல் மழைக்கு அந்தத் துளையை அடைத்துவிடுவார்கள். இருக்கிற கொஞ்ச மழையில் இதையும் விடுவதா என்று தோன்றும். களத்தின் அழுக்கெல்லாம் கழுவி வருகிற தண்ணீர் அல்லவா அது!

நம்மூர் மாடிக்கும் இதே வேலைதான், மாதம் மட்டும் வேறு. புரட்டாசிக்குள் மாடியைப் பெருக்கி, வடிகட்டித் தொட்டியின் மணலையும் ஜல்லியையும் வெளியே எடுத்து அலசிப் போட்டுவிட்டால், ஐப்பசி மழைக்குத் தொட்டி தயார்.