மருந்துக் கடை வாசலில் நின்ற மோட்டார்

பென்ஸ் கார் வாங்கப் போகிறீர்களா? பாக்கியசாலிதான்! ஆனால் பணத்தை எண்ணுமுன் என்னோடு ஜெர்மனிக்கு வாருங்கள். இதோ, வீஸ்லோக் என்ற சிற்றூரின் மருந்துக் கடை.

1888 ஆகஸ்டில், கணவர் கார்ல் பென்ஸிடம் சொல்லாமலே, அவர் செய்த மூன்று சக்கர மோட்டாரில் இரு பிள்ளைகளுடன் தாய் வீட்டுக்குக் கிளம்பிய பெர்த்தா அம்மாள், வண்டிக்கு எண்ணெய் வாங்கியது இங்கேதான். தமது சீதனப் பணத்தையே அந்தத் தொழிலில் போட்டவர். வண்டி ஓடுமா என்ற கவலை இராதா?

வழியில் குழாய் அடைத்தது. தொப்பி ஊசியால் குத்தினார். மேட்டில் வண்டி திணறியது; இறங்கித் தள்ளினார்கள். சுமார் 100 கிலோமீட்டர் கடந்தவர், மேடேற இன்னொரு கியர் வேண்டுமென்றார். பென்ஸும் அமைத்தார்.

ஆகவே, பளபளப்பில் மயங்காதீர்கள். மேட்டுப் பாதையில் ஓட்டிப் பாருங்கள். வீட்டுக்காரர் மட்டுமல்ல, நீங்களும்தான்!